வல்லாரையா, கரட்டா? மரக்கறிக் காசு இறுகும் வாரத்தில் எதை எடுப்பது

மாதக் கடைசியில் மரக்கறிக்கென்று வைத்த காசு இறுகும்போது, "சத்துக்கு ஏதாவது ஒன்று கட்டாயம் வாங்க வேணும்" என்ற பேச்சு கொழும்பு வீடுகளில் எழும். அந்த ஒன்று எது என்பதில்தான் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குக் கரட். கண்ணுக்கு நல்லது, பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள், பிரிட்ஜில் ஒரு கிழமை கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்பார்கள். மற்றக் கட்சிக்கு வல்லாரை. இரத்தம் ஊறும், மூளைக்கு நல்லது, மலிவு என்பது அவர்கள் வாதம்.

நான் வல்லாரைப் பக்கம். ஆனால் அந்தக் கட்சி சொல்லும் காரணங்களில் பாதி எனக்கு உடன்பாடில்லை. கரட் கட்சி சொல்வதில் ஒன்றிரண்டு முழு உண்மை என்பதையும் மறைப்பதற்கில்லை.

முதலில் எண்களைப் பார்ப்போம். தோல் சீவிய பச்சைக் கரட் 100 கிராமில் ஏறக்குறைய 41 கலோரி, 9.6 கிராம் மாச்சத்து, 2.8 கிராம் நார்ச்சத்து, 320 மில்லிகிராம் பொட்டாசியம், 33 மில்லிகிராம் கல்சியம், 6 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கின்றன. இரும்புச்சத்து வெறும் 0.3 மில்லிகிராம். விற்றமின் ஏ மட்டும் 835 மைக்ரோகிராம் வரை போகும். வல்லாரைக்கு வழமையாகக் காட்டப்படும் கணக்கு 37 கலோரி, 171 மில்லிகிராம் கல்சியம், 5.6 மில்லிகிராம் இரும்பு, 391 மில்லிகிராம் பொட்டாசியம், 48 மில்லிகிராம் விற்றமின் சி, 442 மைக்ரோகிராம் விற்றமின் ஏ. மண், இனம், பறித்த நேரம் எல்லாவற்றையும் பொறுத்துக் கீரையின் எண்கள் நிறையவே ஏறி இறங்கும். கரட்டின் எண்கள் அவ்வளவு ஆடாது.

இந்த அட்டவணையோடு நிறுத்திவிட்டால் வல்லாரை வென்றது போலத் தெரியும். விற்றமின் ஏ தவிர்ந்த ஏறத்தாழ எல்லா வரிசையிலும் அதுதான் மேலே நிற்கிறது. கீரையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே பேனையை மூடிவிடுகிறார்கள். ஆனால் 100 கிராம் வல்லாரையை ஒரே நேரத்தில் யார் சாப்பிடுகிறார்கள்? பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவோடு பிசைந்த சம்பலில், ஒருவர் கோப்பைக்கு விழும் இலை 25, 30 கிராமைத் தாண்டாது. கரட் அப்படியல்ல. நடுத்தர அளவுக் கரட் ஒன்று 60 கிராம் வரும், பால்கறியிலோ வறையிலோ ஒருவர் அதைச் சாதாரணமாகச் சாப்பிட்டு முடித்துவிடுவார்.

ஆகவே கோப்பைக் கணக்கில் பார்த்தால் படம் மாறுகிறது. 30 கிராம் வல்லாரையில் இரும்பு 1.7 மில்லிகிராம், கல்சியம் 50 மில்லிகிராம், விற்றமின் சி 14 மில்லிகிராம், விற்றமின் ஏ 130 மைக்ரோகிராம். 60 கிராம் கரட்டில் இரும்பு 0.2 மில்லிகிராமுக்கும் கீழே, கல்சியம் 20 மில்லிகிராம், விற்றமின் சி 3.5 மில்லிகிராம், விற்றமின் ஏ 500 மைக்ரோகிராம். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய விற்றமின் ஏ 700 மைக்ரோகிராம், ஆணுக்கு 900. ஒரு கரட் பெண்ணின் நாள் தேவையில் முக்கால்வாசியை நெருங்குகிறது. மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு இரும்பு 18 மில்லிகிராம் வரை தேவை என்று வைத்தால், ஒரு கோப்பைச் சம்பல் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை.

இதனால்தான் "வல்லாரை சாப்பிட்டால் இரத்தம் ஊறும்" என்ற பேச்சை அப்படியே ஏற்க முடியாது என்கிறேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று வந்தவர் கீரைக்கட்டை நம்பிக் குளிசையை விடக் கூடாது. செடிகளில் உள்ள இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பத்து வீதத்துக்கும் குறைவு, இறைச்சி மீனில் உள்ளது இதைவிட நன்றாக உறிஞ்சப்படும். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. வல்லாரையின் இரும்பு சிறிது என்றால் கரட்டின் இரும்பு கிட்டத்தட்ட இல்லை. பீற்றூட்டும் அதே சங்கதி. அதன் நிறத்தைப் பார்த்து இரத்தத்தோடு முடிச்சுப் போட்டு, காலையில் வெறும் வயிற்றில் பீற்றூட் சாறு குடிப்பவர்கள் பம்பலப்பிட்டியிலும் இருக்கிறார்கள், கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள். 100 கிராம் பீற்றூட்டில் இரும்பு 0.8 மில்லிகிராம்தான். சிவப்பு நிறம் வேறு, இரும்பு வேறு.

சம்பல் என்ற ஏற்பாடு

வல்லாரைக்கு என் வாக்கு விழுவது இலையைப் பார்த்து மட்டுமல்ல, அதை நாம் சாப்பிடும் விதத்தையும் பார்த்துத்தான். கொழும்பில் எந்த வீட்டிலும் எந்தச் சோற்றுக் கடையிலும் வல்லாரைச் சம்பல் ஒரே மாதிரித்தான். இலையையும் இளந்தண்டையும் கைப்பிடியாகச் சேர்த்து இறுக்கிப் பிடித்து, கூரான கத்தியால் நூல்போல அரிய வேண்டும். அரிந்ததை அப்படியே வைத்திருக்காமல் உடனே சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிக்காய்ப்புளி சேர்த்துக் கையால் பிசறுவார்கள். மாசி சாப்பிடும் வீடென்றால் இடித்த மாசித்தூளும் விழும். அடுப்பே தேவையில்லை.

இதில் ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. தேசிக்காயின் விற்றமின் சி, இலையில் உள்ள இரும்பை உடம்பு எடுக்கக்கூடிய வடிவத்தில் வைத்திருக்க உதவுகிறது. இலையிலேயே விற்றமின் சி இருக்கிறது, சூடு படாததால் அதுவும் அழியாமல் வருகிறது. மாசி மீன் என்பதால், ஒரு கரண்டி என்றாலும், செடி இரும்பின் உறிஞ்சலைக் கூட்டும். தேங்காய்ப்பூவின் கொழுப்பு இல்லாவிட்டால் இலையில் உள்ள கரோட்டின் (உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பொருள்) பெரும்பகுதி வீணாக வெளியே போகும், ஏனென்றால் அது கொழுப்பில் கரைந்துதான் குடலைக் கடக்கும். நூல்போல அரிவதும் வெறும் அழகுக்கல்ல. இலையின் கலங்கள் எவ்வளவு உடைகின்றனவோ அவ்வளவுக்குச் சத்து வெளியே வரும். யாரோ ஒரு பாட்டி போசாக்குப் பாடம் படித்துவிட்டு இதை அமைத்தார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அமைந்தது அப்படித்தான்.

சில வீடுகளில் பெரியவர்கள் வல்லாரையோடு புளிப்புச் சேர்த்தால் அதன் குணம் கெடும் என்று தடுப்பார்கள். மருந்தாக எடுக்கும் சித்த மருத்துவ முறையில் அப்படி ஒரு பத்தியம் உண்டு. சாப்பாடாக எடுக்கும்போது அந்தப் பத்தியத்தைக் கொண்டுவந்தால் இரும்புக் கணக்கு நட்டத்தில்தான் முடியும். தேசிக்காயைத் தாராளமாகப் பிழியுங்கள்.

இந்த ஏற்பாட்டை நாமே உடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மத்தியானச் சோறு சாப்பிட்டுக் கை கழுவின கையோடு பிளேன்டீ. தேயிலையில் உள்ள தனின் இரும்போடு பிணைந்து அதை உறிஞ்ச விடாமல் செய்துவிடும். பால் தேநீர் என்றாலும் தப்பவில்லை, பாலின் கல்சியமும் ஓரளவு தடுக்கும். சம்பல் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேநீர் குடித்தால் போதும், எதையும் விட வேண்டியதில்லை. புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரமே இருபது நிமிடம் என்பதால் இது சொல்ல எளிது, செய்யக் கடினம் என்பதும் தெரியும்.

காலையில் நடக்கப் போகிறவர்கள் வழியில் வாங்கிக் குடிக்கும் இலைக்கஞ்சி, அதாவது கொலகெந்த, இதே வல்லாரையின் இன்னொரு முகம். சிவப்புப் பச்சையரிசியை உள்ளியோடு அவித்து, தேங்காய்ப்பால் விட்டு, இலைச்சாற்றைக் கடைசியில் ஊற்றி ஒரு கொதியோடு இறக்குவார்கள். சாற்றை முன்கூட்டியே ஊற்றிக் கொதிக்க விட்டால் பச்சை நிறமும் போகும், விற்றமின் சியும் போகும். வடிகட்டுவதால் இலையின் நார் சல்லடையிலேயே தங்கிவிடுகிறது, ஆகவே சம்பலுக்கு இது சமமில்லை. ஆனாலும் பணிஸும் சீனி போட்ட தேநீருமாகக் காலையை முடிப்பதை விட எத்தனையோ மேல். கூடத் தரும் கருப்பட்டித் துண்டைச் சலரோகக்காரர் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கரட்டுக்கு நியாயம்

கரட்டின் பெருமை விற்றமின் ஏ. அதில் அது வல்லாரை கிட்டவே நெருங்க முடியாத இடத்தில் இருக்கிறது. ஆனால் பச்சையாகக் கடித்துச் சாப்பிடும் கரட்டிலிருந்து உடம்புக்குச் சேரும் கரோட்டின் குறைவு, மென்று விழுங்கிய துண்டுக்குள்ளேயே நிறையத் தங்கிவிடும். அவித்தாலோ, துருவி வதக்கினாலோ, தேங்காய்ப்பாலில் கறியாக வைத்தாலோ அது இன்னும் நன்றாகக் கிடைக்கும். வல்லாரைக்குச் சூடு எதிரி என்றால் கரட்டுக்குச் சூடு துணை. கரட்டைத் துருவித் தேங்காய்ப்பூவோடு வறையாக வறுத்தெடுக்கும் நம் பழக்கத்தை அப்படியே தொடரலாம். சத்துக் கெடும் என்று பயந்து எண்ணெயே படாமல் அவித்துக் கொடுப்பவர்கள்தான் உண்மையில் இழக்கிறார்கள்.

கண்ணாடியைக் கழற்ற வைக்கும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. விற்றமின் ஏ குறைந்தவருக்கு மங்கல் வெளிச்சத்தில் கண் தெரியாமல் போகும், அவருக்குக் கரட் உதவும். குறைவே இல்லாத பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வந்தால் கூடை கூடையாகக் கரட் சாப்பிட்டாலும் கண்ணாடியின் எண் மாறாது. அளவு மீறிச் சாப்பிட்டால் உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாகும். செங்கண்மாரியோ என்று பயந்து வைத்தியரிடம் ஓடுவார்கள், ஆனால் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். நிறுத்தினால் சில கிழமையில் போய்விடும். உடம்பு தேவைக்கேற்பத்தான் கரோட்டினை விற்றமின் ஏ ஆக மாற்றும் என்பதால் இதில் ஆபத்து இல்லை.

சலரோகக்காரர்கள் கரட்டை மண்ணுக்குள் விளைகிறது, இனிக்கிறது என்ற இரண்டு காரணத்துக்காக ஒதுக்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 60 கிராம் கரட்டில் மாச்சத்து 6 கிராமுக்கும் கீழே. பக்கத்தில் குவித்து வைத்திருக்கும் ஒரு கோப்பைச் சோற்றில் 45 கிராம். சோற்றில் இரண்டு கரண்டி குறைத்துவிட்டுக் கரட் கறியை வைத்தால் லாபம்தான். சாறு மட்டும் வேறு கதை. நாலைந்து கரட்டின் சர்க்கரையை நார் இல்லாமல் ஒரு கிளாஸில் இறக்கி, அதன்மேல் சீனியும் போடுகிறோம்.

பிள்ளைகள் விடயத்தில் கரட்டுக்கு நிகர் எதுவும் இல்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் வல்லாரைச் சம்பல் மத்தியானத்துக்குள் கறுத்துத் தண்ணீர் விட்டுவிடும், கரட் வறை அப்படியே இருக்கும். கீரை என்றாலே உதட்டை இறுக்கிக்கொள்ளும் வயதில் கரட்டின் இனிப்பு கைகொடுக்கும்.

இலையைக் கழுவும் கஷ்டம்

வல்லாரைக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு, சத்து அட்டவணையில் அது வராது. இந்தக் கொடி ஈரத்தில் தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும். தண்டின் அடியில் எப்போதும் சேறு இருக்கும், சில நேரம் சிறு நத்தையும் புழுவும். கட்டு வாடாமல் இருக்க வியாபாரி அடிக்கடி தண்ணீர் தெளிக்கிறார், அந்த வாளித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. நாம் அதைச் சமைக்காமல் சாப்பிடுகிறோம் என்பதுதான் சிக்கல். கட்டை அப்படியே குழாயடியில் காட்டிவிட்டு அரிவது போதாது. கட்டை அவிழ்த்து, பழுத்த இலையையும் வேர்க்கணுவையும் கிள்ளி எறிந்து, ஒவ்வொரு தண்டாகப் பிரித்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். அடியில் மணல் தங்காத வரைக்கும் நிறுத்தக் கூடாது. கடைசியில் ஓடும் குடிநீரில் ஒருமுறை. வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வீடு வருகிற ஒருவருக்கு இது பெரிய பாடு, கரட் கட்சி இங்கே கையை உயர்த்தினால் நான் மறுக்க மாட்டேன்.

இதைவிடக் கழுவித் தீராத ஒன்றும் உண்டு. வல்லாரை நீர்நிலையோரங்களில் இருந்து ஈயம் போன்ற பார உலோகங்களை உள்ளிழுக்கக்கூடிய செடி. கொழும்பைச் சுற்றியுள்ள தாழ்நிலங்களில் விளையும் கீரைகளில் ஈயம், கட்மியம் எவ்வளவு என்று நம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். சில மாதிரிகளில் அனுமதித்த அளவைவிடக் கூடுதலாக இருந்ததும் உண்டு. உள்ளே போன உலோகத்தைத் தண்ணீர் எடுக்காது. ஆகவே கான்கரையில் தானாக முளைத்ததைப் பிடுங்கி வந்து சமைக்க வேண்டாம், வாங்குமிடத்தில் "எங்க விளைஞ்சது அண்ணன்?" என்று கேளுங்கள், ஒரே இடத்துக் கீரையை நாள்தோறும் சாப்பிடாமல் பொன்னாங்காணி, முருங்கை இலை என்று மாற்றிக்கொள்ளுங்கள். பல்கனியில் ஒரு அகலமான சட்டியும் நல்ல மண்ணும் இருந்தால் வல்லாரை தொடர்மாடியிலும் வரும், வெயில் குறைவாக இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது.

விலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மலைநாட்டில் மழை அடித்தால் கரட் எகிறும், 2024 தொடக்கத்தில் கிலோ 2000 ரூபாயைத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வல்லாரைக் கட்டும் ஏறும், ஆனால் அந்த மாதிரிக் குதிப்பதில்லை. கரட்டைக் கால் கிலோவாகவும் வாங்கலாம், வல்லாரையை வாங்கிய அன்றோ மறுநாளோ முடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் வாழும் வீட்டில் ஒரு கட்டு முழுவதும் தீராமல் பாதி குப்பைக்குப் போகுமென்றால் மலிவு என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை.

யார் கவனிக்க வேண்டும்

இதயக் கிளினிக்கில், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் குளிசை எடுப்பவர்கள் கீரை விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பச்சை இலைகளின் விற்றமின் கே அந்தக் குளிசையின் வேலைக்கு எதிராக இழுக்கும். கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, ஒரு கிழமை ஒன்றுமில்லாமல் அடுத்த கிழமை தினமும் என்று ஏற்றி இறக்காமல் ஒரே அளவில் வைத்திருந்தால் போதும், எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேட்டுக் கிளினிக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். இவர்களுக்குக் கரட் தொல்லை தராது. சிறுநீரக வருத்தத்துக்குப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு, நிறைக்கு நிறை பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் கரட்டைத் துண்டாக்கி நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம், பச்சைச் சம்பலில் அந்த வழி இல்லை.

கர்ப்பிணிகள் வல்லாரையைப் பச்சையாகச் சாப்பிடாமல் வறையாகவோ சொதியில் போட்டோ சாப்பிடுவது நல்லது. கழுவுவதில் ஏற்படும் சிறு குறைகூட அந்தக் காலத்தில் பெரிதாகலாம். இரும்பு, போலிக் அமிலக் குளிசைகள் அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றுக்குப் பதில் கீரை என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

பரீட்சைக் காலத்தில் ஞாபகசக்திக்கென்று விற்கும் வல்லாரைக் குளிசைகள், தூள்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஞாபகம் கூடும் என்பதற்கு உள்ளவை சிறு ஆய்வுகள், அவற்றின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வல்லாரைச் சாரக் குளிசைகளைக் கிழமைக்கணக்கில் எடுத்த சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டு, நிறுத்தியபின் சரியானதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. சம்பலில் வரும் அளவு வேறு, செறிவாக்கிய சாரம் வேறு. சாதாரண தரம் எழுதும் பிள்ளைக்கு இரவு ஒழுங்கான தூக்கம் கொடுங்கள்.

இனி முடிவு. பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கும் வீட்டில், கழுவ ஆளும் நேரமும் உண்டென்றால், கிழமைக்கு இரண்டு மூன்று நாள் வல்லாரை என்று வைத்து மிச்சக் காசுக்குக் கரட் வாங்குவேன். காரணம், வல்லாரை ஒரே கோப்பையில் இரும்பு, கல்சியம், விற்றமின் சி, கொஞ்சம் விற்றமின் ஏ என்று நாலையும் தொடுகிறது. கரட் ஒன்றை மட்டும் அள்ளித் தருகிறது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை, வார்பரின் எடுக்கும் அப்பா, அல்லது தனியாளாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் வேலைக்காரர் என்றால் கரட்டை முதலில் எடுக்கச் சொல்வேன்.

கரட் எட்டாத விலைக்குப் போன கிழமையில் கவலைப்பட ஒன்றுமில்லை. 100 கிராம் பூசணியில் விற்றமின் ஏ 400 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது, அதைக் கறியாக வைத்தால் ஒருவர் 100 கிராமைச் சுலபமாகச் சாப்பிடுவார். சந்தையில் கீற்றாக வெட்டி வைத்திருப்பதில் சதை நல்ல செம்மஞ்சளாக இருப்பதைப் பார்த்து எடுங்கள், வெளிறியதை விடுங்கள்.